விரதத்தில் பால் உண்டா?

போன மாதம் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து என் மாமா ஒரு பொய் சொன்னார். அது பொய் என்று அவருக்கே தெரியாது. அதுதான் விசேஷம்!

"ரத்தம் குடுக்க வந்தப்ப விரதமாத்தானே வந்தீங்க?"

"சுத்த விரதமுங்க, டாக்டரம்மா."

டாக்டரம்மா கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கண்ணாடியில் தப்பில்லை. ரிப்போர்ட் அப்படியேதான் இருந்தது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். பெயர் குமாரசாமி. சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்து பம்ப் செட்டுக்குப் பாகங்கள் கடைகிறார். இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். உடம்பைக் குறைப்பதற்காக வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர். அன்றைக்கு அவர் எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ. அந்தக் கணக்கு ஆஸ்பத்திரியில் போட்டதில்லை. ஆஸ்பத்திரித் தராசில் நூற்று இருபதுக்கு மேல் கோடே கிடையாது! முள் கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அப்புறம் பட்டறையில் வார்ப்பு இரும்பு நிறுக்கிற பிளாட்பாரத் தராசில் ஏற்றித்தான் நிறுத்தோம். "முதலாளி, மூணு மோட்டார் பாடி வெச்சாப்ல இருக்குதுங்க" என்றார் லேத் ஓட்டுகிறவர். மாமாவே சிரித்துவிட்டார்.

வயிற்றின் மேல்பகுதியில் ஸ்டேப்ளர் மாதிரி ஒன்றால் வரிசையாக அடித்து, ஒரு முட்டை அளவுக்கு மட்டும் இடம் விடுகிறார்கள். நாலு ஸ்பூன் சோறு போனாலே 'ஹவுஸ்ஃபுல்' போர்டு மாட்டிவிடும். வெளிநாட்டில் பயிற்சி பெற்று வந்த சர்ஜன் இதைப் படம் போட்டு விளக்கியபோது அக்கா கேட்டாள்:

"ஏனுங்க டாக்டர், காயிதத்துக்குப் போடற பின்னுங்களா? துருப்புடிக்காதுங்களா?"

அதையெல்லாம் முன்பே எழுதியாகிவிட்டது. அதற்கு வந்த கடிதங்களால் என் டிராயர் இன்னும் மூட மாட்டேன் என்கிறது. எத்தனை நாள் லீவு போட வேண்டும், தழும்பு தெரியுமா, பிரியாணி சாப்பிட முடியுமா (மூன்று பேர்!)... இத்தனைக்கும் நடுவில் கொடுமுடியிலிருந்து ஒரு வாசகி ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். அதுவும் போஸ்ட் கார்டில்.

'எடை குறைந்தது சரி. உள்ளே என்ன குறைந்தது?'

அம்மாடி! எனக்குத் தூக்கம் போயிற்று. ஏன் என்றால், மாமா ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டதே அந்த 'உள்ளே'வுக்காகத்தான்.

அக்கா வீட்டுக் கூடத்தில் இரண்டு போட்டோக்கள் மாலையோடு இருக்கின்றன. ஒன்று மாமாவின் அப்பா. நாற்பத்து நாலு வயதில் மாரடைப்பு. அடுத்தது மாமாவின் அண்ணன். நாற்பத்து மூன்று. அவருக்கும் அதேதான். இரண்டு பேருமே நல்ல கனம். மாமாவுக்கு வருகிற தையில் நாற்பத்து இரண்டு முடிகிறது. இரண்டாவது போட்டோவுக்குப் பக்கத்தில் இன்னொரு போட்டோ மாட்டுகிற அளவுக்கு வெறும் சுவர் இருந்தது. அக்கா அங்கே ஒரு பெரிய தமிழ் மாதக் காலண்டரை மாட்டிவிட்டாள். அந்த இடம் காலியாக இருக்கக் கூடாதாம். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

பிரஷருக்கு இரண்டு மாத்திரை, சர்க்கரைக்கு ஒன்று. ரத்தத்தில் கொழுப்பு வேறு. கொள்ளு ரசம், ஏரிக்கரையில் நடை, ராத்திரிக்கு ரெண்டே இட்லி என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. பத்து கிலோ போகும், பன்னிரண்டு கிலோ வரும்.

சரி, வயிற்றைச் சின்னதாக்கினால் நெஞ்சுக்கு எப்படித் தகவல் போகும்? இது என் சந்தேகம். இதயத்தைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேட்டேன். கையில் நோட்டு, காதில் பேனா. மாமாவுக்குக் கூச்சம். "எங்க கொழுந்தியாளுங்க. பத்திரிகையில எழுதுது. கேள்வி கேக்காட்டி அதுக்குச் சோறு எறங்காது."

டாக்டரம்மா அலுத்துக்கொள்ளவில்லை. "இதயத்துக்குன்னு தனியா ஒரு வியாதி வர்றதில்லம்மா. நாலஞ்சு பேர் கூட்டுச் சேந்து வர்றாங்க. பிரஷர், சர்க்கரை, ரத்தத்துல மிதக்கிற கொழுப்பு... குண்டு உடம்பு அவங்களுக்கு வாடகையில்லாம வீடு குடுக்குது. வீட்டைச் சின்னதாக்குனா அவங்கள்ல சில பேர் காலி பண்ணுவாங்க. யாரு, எப்ப, எவ்வளவு தூரம்? அதைத்தான் நாம மாசாமாசம் பாக்கப் போறோம்."

பார்த்தோம். முதல் ஆச்சரியம் பதினைந்தே நாளில் வந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது! எடை அப்போது அவ்வளவாகக் குறையவே இல்லை. சட்டை அதே சட்டை, பெல்ட்டில் அதே ஓட்டை. சர்க்கரை மட்டும் மாத்திரை இல்லாமலே நல்ல பிள்ளையாகிவிட்டது. எப்படி?

"சாப்பாடே போகலையே, அது ஒரு காரணம். ஈரலுக்கு வேலை குறைஞ்சுது. அது மட்டும்தானான்னு கேட்டா..." என்று டாக்டரம்மா நிறுத்தினார். "முழுசா எங்களுக்கே தெரியாதும்மா. எழுதிக்கோ. தெரியாதுன்னே எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். தெரியாது என்று சொல்கிற டாக்டரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அப்புறம் பிரஷர். இரண்டு மாத்திரை ஒன்றாயிற்று. கொழுப்பில் ஒரு வேடிக்கை. கொழுப்பில் நல்ல கொழுப்பு என்று ஒன்று உண்டாம். ரத்தக் குழாயைக் கூட்டிப் பெருக்குகிற ஜாதி. எடை வேகமாகக் குறையும்போது முதலில் அதுவும் சேர்ந்து குறைந்துவிடுமாம்! "பயப்படாதீங்க. எடை ஒரு இடத்துல நின்ன பொறகு அது மெல்ல ஏறும். ஒரு வருஷம் குடுங்க" என்றார். கெட்டதில் டிரைகிளிசரைடு என்று ஒன்று. சாப்பிட்டதை அப்படியே கோள் சொல்லும். அதனால்தான் அதைப் பார்க்கப் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் முடிந்தது. மாமா நூற்று மூன்று கிலோ. இப்போது ஆஸ்பத்திரித் தராசே போதும்! முழு டெஸ்ட்டும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அது சரியாக இருந்தால், மிச்சமிருக்கிற பிரஷர் மாத்திரையையும் பாதியாக்கலாம்.

சனிக்கிழமை காலை மாமா ரத்தம் கொடுத்தார். புதன்கிழமை ரிப்போர்ட் வந்தது. ஆரம்பத்தில் டாக்டரம்மா விரதத்தைப் பற்றிக் கேட்டாரே, அது அந்தப் புதன்கிழமைதான்.

சர்க்கரை ஏறியிருந்தது. டிரைகிளிசரைடு ஆபரேஷனுக்கு முன்னால் இருந்ததைவிட அதிகம். 'உள்ளே' ஒன்றுமே குறையவில்லை. குறையாததோடு கூடவும் செய்திருக்கிறது!

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "விரதமா வந்தும் இப்படின்னா, சர்க்கரை மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கணும். கொழுப்புக்கும் ஒண்ணு. ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

அக்கா ரிப்போர்ட்டை வாங்கி மடித்தாள். மறுபடி மடித்தாள். இனி மடிக்க முடியாது என்கிற அளவுக்கு வந்ததும் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மாமா என்னைக் கேட்டார். அக்காவைக் கேட்கவில்லை. "அம்மணி, நீ படிச்சவ. அப்ப இத்தன அறுத்துத் தெச்சதெல்லாம் வீணுங்களா?"

என்னை 'ங்களா' போட்டு அவர் பேசியதே இல்லை. தெரியாது என்று டாக்டரம்மா மாதிரி தைரியமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். புரியாத விஷயத்தை அப்படியே விட்டுவிட்டு உட்காரத் தெரியாது. மறுநாள் காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராக லேபுக்குப் போனேன்.

லேபில் ரத்தம் எடுக்கிறவர் ஸ்டெல்லா அக்கா. இருபது வருடமாக ஊசி குத்துகிறார். குத்தினதே தெரியாது என்று பேர். விஷயத்தைச் சொன்னதும் தடிமனான நோட்டைப் புரட்டினார்.

"குமாரசாமி... இதோ. நானே எழுதியிருக்கேன் பாரு, 'சீரம் கலங்கல்'னு. ரத்தத்தை மெஷின்ல வெச்சுச் சுத்த விட்டா மேல தெளிஞ்சு நிக்கணும் கண்ணு. வைக்கோல் தண்ணி மாதிரி லேசா மஞ்சளா. இவருது பால் மாதிரி நின்னுச்சு. வெள்ளையா!"

"பால் மாதிரின்னா?"

"கொழுப்பா எதையாவது சாப்பிட்டுட்டு வந்தா அப்படி நிக்கும். நான் கேட்டனே! விரதமான்னு கேட்டேன். ஆமாங்கன்னாரே!"

விரதம்.

எனக்குள் ஏதோ மணி அடித்தது. "ஸ்டெல்லா அக்கா, உங்க அகராதியில விரதம்னா என்ன?"

"இது என்ன கேள்வி? நாங்க உபவாசம் இருந்தா பொழுது சாயிற வரைக்கும் பச்சத்தண்ணிதான். விரதமும் அதுதானே?"

அதுதானா? நீங்களே சொல்லுங்கள். உங்கள் வீட்டில் சனிக்கிழமை விரதம் இருக்கிறவர் காலையில் என்ன சாப்பிடுகிறார்?

மொபெட் பட்டறைக்குப் பறந்தது. லேத் சத்தத்துக்கு நடுவில் மாமாவை ஓரமாக இழுத்தேன்.

"மாமா, சனிக்கிழமை காத்தால என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் திங்கலியே. விரதம். எப்படியும் சனிக்கிழமை நான் விரதம்தானே? லேப்லயும் அதையேதான் சொன்னாங்க. ஒரே விரதமாப் போச்சுன்னு வெச்சுக்கிட்டேன்."

"குடிக்க?"

"குடிக்கறதெல்லாம் கணக்குல வருமா? பாலு மட்டும்தான். விரதத்துக்குப் பாலு சேத்திதானே!"

"என்ன பாலு மாமா?"

மாமா லேத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"...தேங்காப்பாலு."

கதை இதுதான். வெள்ளிக்கிழமை மாமா தொண்டாமுத்தூர் போயிருந்தார். அங்கே அவருடைய அக்கா பாவாத்தாளுக்குத் தென்னந்தோப்பு. யானை புகுந்து நாலைந்து தென்னம்பிள்ளைகளைச் சாய்த்துவிட்டது என்று ஆள் வந்து சொல்ல, பார்க்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். பாவாத்தாளை என் அக்கா 'நங்கையா' என்பாள். நாத்தனாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் நங்கையாதான்.

வந்தவர்களுக்கு வயிறு நிறையச் சோறு போடாமல் அனுப்பினால் நங்கையாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். தம்பிக்குப் பிரியமான சந்தகை, அதாவது எங்கள் ஊர் இடியாப்பம், பிழிந்து, வெல்லம் போட்ட தேங்காய்ப்பால் வைத்திருக்கிறார். சந்தகை இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஆனால் தேங்காய்ப்பால்? அது தண்ணீர் மாதிரி ஓடுகிறது! முட்டை அளவு வயிறு அதைத் தடுத்து நிறுத்துவதே இல்லை. நிரம்பினால்தானே நிறுத்தும்? மறுநாள் விரதம் என்றதும் நங்கையாவுக்கு வழி பிறந்துவிட்டது. விடிகாலையில் புதிதாகத் திருகி, பிழிந்து, நாட்டுச் சர்க்கரை போட்டு ஒரு சொம்பு. அது தீர்ந்ததும் இன்னொரு சொம்பு. மாமா வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருந்துவிட்டு, கார் பிடித்து லேபுக்கு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, 'சுத்த விரதம்' என்று சொல்லியிருக்கிறார்.

இதில் யார் பொய் சொன்னது? யாருமே இல்லை. ஒரே வார்த்தை. ஸ்டெல்லா அக்கா ஒரு அர்த்தத்தில் சொன்னார், மாமா வேறொரு அர்த்தத்தில் கேட்டுக்கொண்டார். நடுவில் ரத்தம் வெள்ளையாக நின்றது.

டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். ஐந்து நிமிஷம் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இந்தப் பால் வேலை அன்னிக்கு மட்டும்தானா? ரெண்டு மாசமா எடை ஒரே இடத்துல நிக்குதே, அதுக்கும் இதுதான் காரணமான்னு கேளு. சர்ஜன் வயித்தைத்தான் சின்னதாக்கினார். பால் போற வழியை அடைக்கல."

கேட்டேன். மாமா தலையைச் சொறிந்தார். வாரா வாரம் தோப்புக்குப் போகிறாராம்...

அக்காவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. பத்து மடிப்பு மடித்த ரிப்போர்ட்டை எடுத்து நீவி நீவி விரித்தாள். "நங்கையாகிட்ட நான் பேசிக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது.

ஆனால் அக்கா பேசுவதற்கு முன்னால் நங்கையாவே வந்து நின்றார். மாமா எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்து உளறியிருக்கிறார். இரண்டு பஸ் மாறி வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ஏனுங்க, உள்ள வாங்க" என்றாள் அக்கா, விறைப்பாக.

"எந்த மொகத்த வெச்சுக்கிட்டு வாரது? எம்பட தம்பிய நானே கொல்லப் பாத்தனா?" நங்கையா கூடத்துச் சுவரைப் பார்த்தார். மாலை போட்ட இரண்டு பேரும் அவருக்கு அப்பாவும் அண்ணனும் அல்லவா? "அவன் மூணு கரண்டி சோத்த வெச்சுக்கிட்டு அரமணி நேரம் மென்னுட்டு இருக்கறதப் பாத்தா எனக்கு வவுறு எரியுது அம்மணி. திங்கத்தான் முடியல, குடிக்கவாவது செய்யட்டும்னு பிழிஞ்சு குடுத்தேன். பாலுல என்ன இருக்குதுன்னு யாரு கண்டா?"

காலண்டர் மாட்டிய இடத்தை அவர் பார்த்தார். ஏன் மாட்டியிருக்கிறது என்று கேட்கவில்லை. புரிந்திருக்கும். அக்கா விறைப்பை எல்லாம் எங்கோ தொலைத்துவிட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அப்புறம் அந்த வீட்டில் நடந்தது ஒரு ராணுவ நடவடிக்கை. தோப்புக்குப் போக மாமாவுக்குத் தடை. டாக்டரம்மா கொடுத்த சாப்பாட்டுச் சீட்டை நங்கையா என்னிடம் கொடுத்து, தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். தேங்காய்ப்பால் என்ற வார்த்தையைக் கேட்டால்கூட மாமா எச்சில் விழுங்கக் கூடாது என்பது நங்கையா போட்ட சட்டம்!

மறுபடி ரத்தம் எடுக்கிற நாளன்று காலையில் லேபுக்கு நான்கு பேராகப் போனோம். ஸ்டெல்லா அக்கா இந்தத் தடவை விரதம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு மேல வாய்க்குள்ள என்னென்ன போச்சு? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

"தண்ணிங்க."

"அப்புறம்?"

"பல்லு வெளக்குன பேஸ்ட்டுங்க. துப்பிப்போட்டேன்."

ஸ்டெல்லா அக்கா திருப்தியாகி, ஊசியை எடுத்தார்.

நங்கையா பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அவன் நெசமா விரதம் இருக்கறப்ப நான் மட்டும் டீ குடிக்கவா?" அவர் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. மாமாவுக்காவது தண்ணீர் உண்டு!

கொஞ்ச நேரம் கழித்து ஸ்டெல்லா அக்கா என்னை ஜாடை காட்டி உள்ளே கூப்பிட்டார். கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கீழே அடர்த்தியான சிவப்பு. மேலே லேசான மஞ்சளில், அந்தப் பக்கம் இருக்கிற ஜன்னல் கம்பி தெரிகிற அளவுக்குத் தெளிவு. ஒரு மனுஷன் பயத்தை இப்படிக் கண்ணால் பார்க்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அது தெளிந்திருப்பதையும்.

ரிப்போர்ட்? கொடுமுடி வாசகிக்காக எழுதுகிறேன். சர்க்கரை, மாத்திரை இல்லாமலே அளவுக்குள். டிரைகிளிசரைடு நன்றாக இறங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்கணும். பிரஷர் மாத்திரை ஒன்று அரையாகிவிட்டது. நல்ல கொழுப்பு மட்டும் இன்னும் தூங்குகிறது. அதற்கு ஒரு வருடம் தவணை.

"அப்ப இனி ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று அக்கா கேட்டாள். கேட்டது அக்காதான், ஆனால் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. "ஆபத்து குறைஞ்சிருக்கு. போயிடலை. அப்பா, அண்ணன்னு வர்ற வழிக்கு எந்த சர்ஜன்கிட்டயும் ஸ்டேப்ளர் கிடையாது. ஆனா போன வருஷம் இருந்த குமாரசாமியை விட இந்தக் குமாரசாமிக்கு நாள் அதிகம். அதை நான் தைரியமாச் சொல்லுவேன்."

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டுக் காலண்டரில் ஒரு மாற்றம். தை மாதத்தில் மாமாவின் பிறந்த நாளைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள். சுவரை மறைக்க மாட்டிய காலண்டரை, முதல் முறையாகத் தேதி பார்க்கிறதற்கு உபயோகப்படுத்துகிறாள்.

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கியிருந்தது. நேற்று லேபுக்குப் போய் ஸ்டெல்லா அக்காவிடம் சண்டை போட்டு, சுவரில் ஒட்டியிருந்த 'விரதமாக வரவும்' என்ற நோட்டீஸைக் கிழிக்க வைத்தேன். புது நோட்டீஸ் என் கையெழுத்தில்: 'வெறும் வயிற்றோடு வரவும். பச்சைத் தண்ணீர் தவிர எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது.' ஸ்டெல்லா அக்கா பேனாவைப் பிடுங்கி அடியில் சேர்த்தார்: 'பால் கூடாது. எந்தப் பாலும்.'

இதைவிடத் தெளிவாகத் தமிழில் எழுத முடியுமா? பெருமையாகப் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தோம். பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து வந்து, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்துவிட்டு, மரியாதையாகக் கேட்டார்:

"ஏனுங்க... மோருங்களா?"